அம்மாக்கண்ணு கட்டிய காற்றுக் கொட்டில்

லிந்துலையிலிருந்து மேலே ஏறிப் போகும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், மேல்கணக்கு என்ற பிரிவில், எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடு ஒன்றில் இருக்கிறாள் அம்மாக்கண்ணு. சிவப்பாயியின் நாலாவது மகள். சிவப்பாயிக்கு ஐந்தும் பெண். மூத்தவள் டிக்கோயாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், அடுத்த இரண்டும் இரட்டை, அதில் ஒன்று தங்கவில்லை, கடைசி கொழும்பில். நாலாவதுதான் பிறந்த தோட்டத்திலேயே நின்றவள். அவளைத் தச்சுவேலை வீரய்யாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவர் அத்தை மகன் அழகுமுத்து. அவர் ராகலையில் பெண் எடுத்துக்கொண்டார். இப்போது அவர்தான் கோயில் கமிட்டித் தலைவர். மச்சான் முறை என்பதால் அம்மாக்கண்ணுவைக் கேலி செய்யும் உரிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

நாடே டீசலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருடம், ஆடித் திருவிழா அன்று காலையில், மாரியம்மன் கோயில் கதவு திறக்கவில்லை.

பூசாரி தள்ளினார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தப்பு அடிப்பவர்கள் தோல் நனையாமல் தப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

“சாவியத் திருப்பினீங்களா பூசாரி?” என்றார் அழகுமுத்து.

“சாவி அப்பவே திரும்பிருச்சுங்க. கதவுதான் வரமாட்டேங்குது.”

நாலு பேர் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. கடைசியில் மலைவேலைக்கு வைத்திருந்த அலவாங்கைக் கொண்டுவந்து நெம்பினார்கள். கதவு திறந்தது, கூடவே ஒரு பலகை பிளந்தது. அந்தக் கதவைப் போன பங்குனியில் செய்து மாட்டியவர் வீரய்யா. கூட்டத்தில்தான் நின்றார். அழகுமுத்து அவரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

“ஏம்பா வீரய்யா, நீ அம்மாளுக்குக் கதவு செஞ்சியா, ஜெயிலு செஞ்சியா?”

எல்லாரும் சிரித்தார்கள். சாமி கும்பிட வந்த இடத்தில் சிரிப்பது பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் ஜெயிலு வீரய்யா.

அதற்குப் பிறகு ஒரு கதவு வேலையும் வரவில்லை. பெட்டி செய்யக் கூப்பிட்டார்கள், செத்தவர் எழுந்து குறை சொல்லமாட்டார் என்பதால். வீரய்யா உளி, இழைப்புளி எல்லாவற்றையும் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“கொழும்புக்குப் போறேன் புள்ள. வெள்ளவத்தையில ஒரு மாடி வீட்டுக்கு வாட்சரு வேணுமாம்.”

“அம்பத்துமூணு வயசுல போய் கேட்டத் தொறந்து மூடப்போறீங்களா?”

“அதையாவது ஒழுங்காத் தொறக்கலாமில்ல.”

அம்மாக்கண்ணு அன்று அவரோடு வாதாடவில்லை. அவள் பதினெட்டு வருடமாக ஸ்டோரில், தேயிலை ஆலையில், வேலை செய்கிறவள். மலையிலிருந்து வரும் கொழுந்தை மேல்மாடியில் பரப்பி, காற்றில் வாட்டி, கையால் அள்ளிப் பிடித்துப் பதம் பார்த்துக் கீழே அனுப்புவது அவள் பொறுப்பு. சரியாக வாடாத கொழுந்தை எந்தக் கெட்டிக்காரன் அரைத்தாலும் நல்ல தூள் வராது என்பது அவளுக்குத் தெரியும். கோயில் கதவில் பிளந்த பலகையை எடுத்து மோந்து பார்த்தாள். உள்ளே இன்னும் பச்சை வாசம் அடித்தது. வெட்டி ஆறு மாதம்கூட ஆகாத மரம். பங்குனி வெயிலில் முறுக்கிக்கொண்டது, ஆனி மழையில் ஊதிக்கொண்டது.

“ஒங்க கையில குத்தமில்ல. மரம் வாடல, அம்புட்டுத்தான்.”

வீரய்யா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஹட்டனிலிருந்து இரும்புக் கதவு எடுப்பது என்று பேச்சு முடிகிற நேரம் அம்மாக்கண்ணு உள்ளே வந்து நின்றாள். கமிட்டிக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை. தேத்தண்ணி கொண்டுவந்திருக்கிறாள் என்றே நினைத்தார்கள்.

“மச்சான், இரும்பு வேணாம். மரத்தக் காயவச்சு நாங்களே கதவு செஞ்சு தர்றோம். டைம் குடுங்க.”

“எம்புட்டு நாளு?”

“மூணாவது ஆடிக்கு.”

“மூணு வருசமா? அதுக்குள்ள அம்மாளே நடந்து ஹட்டனுக்குப் போய்க் கதவு வாங்கிட்டு வந்திருவாளே!”

“அதுவரைக்கும் பழசை இழைச்சு மாட்டிக்குங்க. இரும்புக் கதவுக்குள்ள நம்ம அம்மா இருந்ததில்ல மச்சான்.”

இந்தக் கடைசிச் சொல் பூசாரிக்குப் பிடித்துவிட்டது. அவர் தலையாட்டியதும் மற்றவர்களும் ஆட்டினார்கள். அழகுமுத்து விரலை நீட்டிச் சொன்னார்:

“சரி புள்ள. மூணாவது ஆடி. அன்னைக்கும் கதவு சிக்குனா இரும்புதான். அதுக்கப்பறம் ஒம் புருசன் இந்தக் கணக்குல ஒரு ஆணி அடிக்கப்படாது.”

அம்மாக்கண்ணு சரி என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்த பிறகுதான் வீரய்யாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஆனால் கொழும்புக்கும் போகவில்லை.

மரத்தைக் காயவைக்க முதலில் காற்று வேண்டும். மழைக்காலத்தில் மேல்கணக்கில் துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாது. ஆனால் அதே லயத்துப் பேச்சியம்மாவின் துணி மட்டும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அவளுடைய கொடி, லயத்துக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டில் இருந்தது. அம்மாக்கண்ணு ஒரு வாரம் அந்த மேட்டில் நின்று பார்த்தாள். பள்ளத்திலிருந்து வருகிற காற்று அங்கே ஒரு நிமிடம்கூட ஓய்வதில்லை. மரம் காயவைக்கும் கொட்டிலுக்கு இடத்தை முடிவு செய்துவிட்டாள்.

“என் கொடிக்கயித்துல கைய வச்சே, கைய ஒடிச்சிருவேன்” என்றாள் பேச்சியம்மா. அவள் அம்மாக்கண்ணுவின் சின்னம்மா மகளுக்கு நாத்தனார். அந்த வகையில் இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அது இங்கே வேண்டாம்.

“கொட்டிலுக்குக் கூரை நீட்டிப் போடுறேன் அக்கா. காத்து வெளியே போற பக்கம் ஒங்க கயித்தக் கட்டிக்குங்க. மழையிலயும் காயும்.”

பேச்சியம்மா யோசித்தாள். “மழையிலயுமா?”

“மழையிலயும்.”

அன்றிலிருந்து அந்தக் கொட்டிலுக்குப் பேச்சியம்மாவை விடப் பெரிய காவல் கிடையாது. தோட்டத்து மேலாளர் துரையிடம் விறகுக் கொட்டில் என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். அது பொய்யா என்று கேட்டால், அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மழை விட்டதும் வேலையைத் தொடங்கினாள். ஓடைக் கல்லைச் சுமந்து முழங்கால் உயரத்துக்கு வரிசையாக மேடை கட்டினாள், தரை ஈரம் மரத்துக்கு ஏறக்கூடாது என்று. தோல் உரித்த டர்பன்டைன் மரக் கம்பங்கள் எட்டு. ஒன்பதாம் நம்பர் லயத்துக்குப் புதுக்கூரை போட்டபோது கழித்த தகரங்களை வாங்கி, ஆணி ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தாள். வீரய்யா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குறுக்குச் சட்டத்தில் ஆணி அடித்தாள். ஆணி வளைந்தது. இன்னொன்று அடித்தாள். அதுவும் வளைந்தது. மூன்றாவது ஆணிக்கு அவர் எழுந்து வந்துவிட்டார்.

“குடு இங்க. ஆணிய அடிக்கிறியா, கொல்லுறியா?”

வேண்டுமென்றே கோணலாக அடித்தாளா, உண்மையிலேயே வரவில்லையா என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. சாக்கு அவிழ்ந்தது. கொட்டில் மார்கழிக்குள் எழுந்து நின்றது. நீளம் இருபதடி, நாலு பக்கமும் திறப்பு, மேலே மட்டும் கூரை.

மரம் தலவாக்கலையில் பலகை அறுத்து விற்கும் முஹ்ஸின் நானாவின் மரக்காலையிலிருந்து வந்தது. அவருடைய வாப்பாவும் வீரய்யாவின் அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே ரம்பத்தின் இரண்டு முனையைப் பிடித்து மரம் அறுத்தவர்கள். அந்த உறவில், மரக்காலைக் கூரையை வீரய்யா மாற்றிக்கொடுப்பது, பதிலுக்கு அவர் கதவுக்கான பலகை அறுத்துத் தருவது என்று பேசிக்கொண்டார்கள்.

“அங்குலத்துக்கு ஒரு வருசம் காயணும் தங்கச்சி” என்றார் முஹ்ஸின் நானா. “ஒங்களுக்கு ஒன்றரை அங்குலப் பலகை. ஒன்றரை வருசம் வைங்க. அவசரப்படாதீங்க.”

அம்மாக்கண்ணு கேட்டுக்கொண்டாள். காலத்தைத்தான் கேட்டுக்கொண்டாள், முறையை அல்ல. முறை தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். பதினெட்டு வருடம் வாட்டியவள் அல்லவா. கொழுந்து என்ன செய்யும்? காற்றுப்படப் பரப்ப வேண்டும், கட்டிபிடிக்காமல் அடிக்கடி கிளறிப் புரட்டிப் போட வேண்டும். ஆகவே பலகைகளுக்கு நடுவில் குச்சி வைத்து அடுக்கிவிட்டு, தினமும் ஸ்டோருக்குப் போகுமுன் வந்து அடுக்கைக் கலைத்து, ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் போட்டு, திரும்ப அடுக்கினாள். குச்சி நேற்று வைத்த இடத்திலா இன்று வைக்கிறோம் என்று அவள் பார்க்கவில்லை.

“என்னா புள்ள, மரத்துக்குக் குளிருதா? இப்புடித் திருப்பித் திருப்பிப் போடுற?” என்று வழியில் போன அழகுமுத்து கேட்டார்.

“வாட்டுறேன் மச்சான். ஒங்களுக்கு வெளங்காது.”

தையும் மாசியும் போயின. அந்த வருடம் பங்குனிக் காற்று நெருப்பு மாதிரி வறண்டு வீசியது. ஒரு நாள் கொட்டிலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஓடிப் போய்ப் பார்த்தால் பல பலகைகளின் நுனிகள் வெடித்து, வெடிப்பு உள்ளே ஒரு முழத்துக்கு ஓடியிருந்தது. மற்றவை முறுக்கிக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நின்றன.

முஹ்ஸின் நானா லாரியோடு வந்து பார்த்தார். முதலில் சிரித்துவிட்டார். அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

“தங்கச்சி, இது கொழுந்தில்ல, மரம். தெனமும் பொரட்டினா மரத்துக்குப் படுக்கவே நேரமில்லையே. எந்தப் பலகை நேரா நிக்கும்?”

“இத எதுக்காச்சும் பாவிக்க முடியுமா நானா?”

“அடுப்புக்கு.”

இரண்டு வருடம் நாலு மாதம்தான் மீதி. வீரய்யா வெள்ளவத்தைக்குப் போன் போட்டு, அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டதை அவள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

அடுத்த நாள் விறகுக்காக அடுக்கைப் பிரித்தாள். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே அடிவரிசைக்கு வந்தவள் நின்றுவிட்டாள். அடியில் கிடந்த நாலு பலகையும் வாளின் முதுகு மாதிரி நேராக இருந்தன. அந்த நாலையும் அவள் ஒரு நாளும் புரட்டவில்லை. இடுப்பு வலி. அவ்வளவு கீழே குனிந்து தூக்க முடியாமல், யாருக்கும் சொல்லாமல், சோம்பலில் விட்ட பலகைகள். மேலே கிடந்த பாரம் முழுதும் அவற்றை அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த நாலிலும் மூன்றின் நுனி வெடித்திருந்தது. ஒன்றின் நுனி வெடிக்கவில்லை. அந்த நுனியில் மரக்காலையில் அடையாளத்துக்குப் பூசிய சிவப்புப் பெயிண்ட் இருந்தது.

அவள் கல்லின் மேல் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். பேச்சியம்மா துணியை விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“என்னாடி, காத்து கீத்து பிடிச்சிருச்சா?”

“இல்லக்கா. நான் வேல செய்யாத எடத்துல மரம் நல்லா இருக்கு.”

வீரய்யாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் அந்தப் பலகையை மடியில் வைத்து, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார். பெயிண்ட் பூசிய நுனியை நகத்தால் சுரண்டினார். பிறகு வெள்ளவத்தைப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

“நுனி வழியாத்தான் ஈரம் ஓடுது புள்ள. அத அடைச்சிட்டா பக்கவாட்டுல மெதுவாப் போகும்” என்றார்.

முஹ்ஸின் நானா மறுபடி பலகை அறுத்துக் கொடுத்தார், வைகாசியில் இரண்டாவது அடுக்கு ஏறியது. இந்த முறை குச்சிகளை வீரய்யா ஒரே கனத்துக்கு இழைத்துக் கொடுத்தார். ஒரு குச்சிக்கு நேர் மேலே மறு குச்சி, நூல் பிடித்து வைத்தது மாதிரி. நுனிகளுக்கெல்லாம் மிச்சப் பெயிண்ட், பச்சை, நீலம், மஞ்சள், கிடைத்த நிறமெல்லாம். வறண்ட காற்று நேராக அடிக்கும் பக்கத்தில் மூங்கில் தட்டி பாதி உயரத்துக்கு. உச்சியில் ஓடைக்கல் முப்பது.

அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு செய்ய வேண்டிய வேலை கை வைக்காமல் இருப்பது. அவள் வாழ்நாளில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை. காலையில் மேட்டுக்குப் போவாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வருவாள், திரும்பி விடுவாள்.

“தொட்டுறாத” என்று பேச்சியம்மா கத்துவாள்.

“தொடல, தொடல.”

ஒரே ஒரு பலகையை மட்டும் ஓரமாக உருவி எடுக்கும்படி வைத்திருந்தாள். மாதம் ஒரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போவாள். கொழுந்து நிறுக்கிற தராசில் கணக்கப்பிள்ளையைக் கெஞ்சி அதைத் தொங்கவிடுவாள். வந்து கொட்டில் கம்பத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நிறையை எழுதுவாள். கொழுந்து வாடினால் நிறை குறையும், குறைவது நின்றால் பதம். அது அவளுடைய வித்தை, அதில் அவள் தப்பவில்லை. முதல் மாதம் பதினாலு கிலோ. அடுத்து பதிமூன்றரை. ஒரு மழைக்காலம் போனது, ஒரு பனிக்காலம் போனது, இன்னொரு மழைக்காலமும் போனது. பதினொன்று. பத்தரை. தை மாதம் ஒன்பது கிலோ நூறு கிராம். மாசியிலும் அதே. பங்குனியிலும் அதே.

“பலகைக்குப் பேரு வைக்கலியா?” என்று கணக்கப்பிள்ளை கேட்டார். “மாசாமாசம் புள்ளைய நிறுக்க வர்ற மாதிரி வர்ற.”

“இனி வரமாட்டேங்கய்யா. வளந்திருச்சு.”

சித்திரையில் வீரய்யா பலகையைச் சுண்டிப் பார்த்தார். கணீரென்றது. ஒரு மாதம் வேலை. இரட்டைக் கதவு, ஒவ்வொன்றிலும் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு வேப்பிலைக் கொத்து. வைகாசி முதல் வெள்ளிக்கிழமை பழைய நிலைச்சட்டத்திலேயே மாட்டினார்கள். மாட்டிய மூன்றாம் நாள் மழை பிடித்தது.

அந்த மழை விடவே இல்லை. அழகுமுத்து வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கு வருவார். கும்பிடுவார், போகும்போது யாரும் பார்க்காத மாதிரி கதவை ஒரு தள்ளுத் தள்ளுவார். ஆனியில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தார்.

“தலைவருக்கு இப்ப பக்தி கூடிப்போச்சு” என்றார் பூசாரி.

“மழைக்கு ஒதுங்குனேங்க.”

திருவிழா நாள் வந்தது. முதல் நாள் மாலை பூசாரி கதவைச் சாத்தியபோது படிக்கட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இரண்டும் குடைக்கடியில் நின்றன. மூன்று வருடத்துக்கு முன் அலவாங்கு பிடித்த நாலு பேரும் முன்வரிசையில். வீரய்யா கூட்டத்துக்குப் பின்னால், வெறுங்காலோடு. அம்மாக்கண்ணு அவர் பக்கத்தில் இல்லை. அவள் நேரே படிக்குக் கீழே போய் நின்றாள். சிக்கினால் எல்லாரும் முதலில் தன் முகத்தைத்தான் பார்க்கட்டும் என்று.

பூசாரி பூட்டைத் திறந்தார். அவருடைய ஒரு கையில் தாம்பாளம், மறு கையில் மணி. கையில் இடமில்லாததால் முழங்கையால் ஒரு இடி இடித்தார்.

இரண்டு கதவும் ஒரு சத்தமுமில்லாமல் உள்ளே போய், சுவரில் மோதி நின்றன. பூசாரி எதிர்பாராத வேகத்தில் தாமும் உள்ளே போய்விட்டார். பிறகு தப்பு முழங்கியது பாருங்கள், மழைச் சத்தம் கேட்கவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அம்மாக்கண்ணு கும்பிட மறந்து திரும்பி வீரய்யாவைத் தேடினாள். அவரை அலவாங்கு பிடித்த நாலு பேரும் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்தது. அழகுமுத்து கதவண்டை போனார். சாத்தினார், திறந்தார். மறுபடி சாத்தினார், திறந்தார். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

“தலைவரே” என்றாள் பேச்சியம்மா, “அம்மாளுக்கு வேர்க்குதுன்னு விசிறுறீங்களா?”

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அழகுமுத்துவும் சிரித்தார். அது அவருடைய நல்ல குணம். வீரய்யாவின் தோளில் கையைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

“மாப்ள, நான் அன்னைக்குச் சொன்ன வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிறேன். இனிமே ஜெயிலுன்னு எவனாச்சும் சொன்னா எங்கிட்ட வா.”

அன்று சாயங்காலத்துக்குள் எட்டு பேர் கதவு கேட்டு வந்துவிட்டார்கள். கீழ்க்கணக்கில் தனிவீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும். எல்லாருக்கும் அம்மாக்கண்ணுதான் பதில் சொன்னாள். கொட்டிலில் இருப்பது இவ்வளவு, காய்வதற்கு இத்தனை மாதம், அதற்கு முன் கேட்காதே. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஒன்பதாவதாக அழகுமுத்து வந்து இருமினார்.

“எனக்கும் வாசலுக்கு ஒண்ணு வேணும் புள்ள. அடுத்த தைக்குள்ள.”

“முடியாது மச்சான். நீங்க ஒம்பதாவது ஆளு.”

“நான் தலைவருடி!”

“மரம் அதெல்லாம் பாக்காது.”

“எட்டாவது ஆளு யாரு? அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

“நாந்தான்” என்று பேச்சியம்மா கொடியிலிருந்து குரல் கொடுத்தாள். “பேசுங்க பாப்போம்.”

அழகுமுத்து கொடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

“அப்ப இன்னொரு கொட்டில் போட்டா?” என்று இறங்கிய குரலில் கேட்டார்.

அம்மாக்கண்ணு வீரய்யாவைப் பார்த்தாள். அவர் அதற்குள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேட்டின் மறுபக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. இருபதடியா முப்பதடியா என்று கணவனும் மனைவியும் சண்டை போட்டார்கள். முப்பதடி என்று அம்மாக்கண்ணு முடிவு செய்தாள். நாடாவின் ஒரு முனையை வீரய்யா பிடித்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் கால் புதைய நின்றவர் கோயில் கமிட்டித் தலைவர் அழகுமுத்து.

“இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போங்க மச்சான்” என்றாள் அம்மாக்கண்ணு. “இன்னுங் கொஞ்சம்.”